மைட்ரல் வால்வு சரிவும் நின்றுபோகும் துடிப்பும்

இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் இடையே ஒருவழிக் கதவாக நிற்கும் மைட்ரல் வால்வின் இதழ்கள் தடித்துத் தளர்ந்து, கீழறை சுருங்கும்போதெல்லாம் மேலறைப் பக்கமாகப் பிதுங்குவதையே மருத்துவர்கள் மைட்ரல் வால்வு சரிவு என்கின்றனர். ஸ்டெதஸ்கோப்பை மார்பில் வைத்தால், ‘லப்’, ‘டப்’ என்னும் இரண்டு ஒலிகளுக்கு நடுவே, தளர்ந்த இதழ் இழுபட்டு நிற்கும் ‘டிக்’ ஓசை கேட்கும். ரத்தம் பின்னோக்கிக் கசிந்தால் அதைத் தொடர்ந்து ஓர் இரைச்சலும் எழும். இதயத்துக்கு வெளியே பிறப்பதாக நெடுங்காலம் எண்ணப்பட்ட இவ்வொலிகள் மைட்ரல் வால்விலிருந்தே வருகின்றன என்பதை ஜோகன்னஸ்பர்க் மருத்துவர் ஜான் பார்லோவும் அவருடைய சகாக்களும் 1963இல் எடுத்துக்காட்டினர்.

அமெரிக்காவின் ஃபிராமிங்காம் ஆய்வு 1999இல் கண்ட 2.4 சதவீதத்தை, 2011 கணக்கெடுப்பில் 2,00,222 பேர் வாழ்ந்த காரைக்கால் மாவட்டத்துக்குப் பொருத்திப் பார்த்தால், ஏறத்தாழ 4,800 பேருக்கு இச்சரிவு இருக்கக்கூடும். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் எந்தத் தொல்லையுமின்றி முழு ஆயுளும் வாழ்வார்கள் என்பதால், எக்கோ அறிக்கையில் இச்சொல்லைக் கண்டவுடன் அஞ்சவேண்டியதில்லை.

ஆயினும் மிகச் சிலருக்கு, பெரும்பாலும் இரண்டு இதழ்களும் சரிந்தவர்களுக்கு, இதழ்களைத் தாங்கும் தசை இடைவிடாமல் இழுபட்டுத் தழும்பேறுகிறது. திடீரென இறந்த இளைஞர்களின் இதயங்களில் இத்தழும்பை இத்தாலியின் படுவா ஆய்வாளர்கள் கண்டு 2015இல் வெளியிட்டனர். தழும்பிலிருந்து கிளம்பும் தாறுமாறான மின்துடிப்பால் கீழறை வெறுமனே நடுங்க, ரத்த ஓட்டம் நின்றுவிடுகிறது. ரத்தக்குழாய் அடைபடுவதால் வரும் மாரடைப்பு வேறு, இது வேறு. இரண்டையும் ஒன்றெனக் கொள்வதால்தான், விழுந்தவரின் மார்பை அழுத்தாமல் வண்டி தேடி ஓடுகிறோம்.

இந்நிலையில் மார்பழுத்தமும் மின்னதிர்ச்சியும் கிடைக்காது கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பை 7 முதல் 10 சதவீதம்வரை குறைக்கிறது. மூன்று புறம் தமிழ்நாடும் கிழக்கே கடலுமாகக் கிடக்கும் காரைக்காலிலிருந்து புதுச்சேரி ஜிப்மர் சுமார் 130 கிலோமீட்டர் தொலைவு. எவ்வளவு சிறந்த மருத்துவமனையும் முதல் ஐந்து நிமிடத்துக்கு உதவாது. அந்த ஐந்து நிமிடத்தில் மூளை சேதமின்றிக் காக்கப்பட்டவருக்கோ நீண்ட வாழ்வு சாத்தியமே: 1980இல் முதன்முதலாக மனிதருக்குப் பொருத்தப்பட்ட, துடிப்பைக் கண்காணித்துத் தேவையானபோது தானே மின்னதிர்ச்சி தரும் கருவி, இன்று காறை எலும்புக்குக் கீழே தோலடியில் வைக்கப்படுகிறது, கசிவு மிகுந்தால் வால்வையும் செப்பனிடலாம்.

காரைக்காலின் பள்ளிகளிலும் மீனவர் பஞ்சாயத்துகளிலும் மார்பழுத்தப் பயிற்சி நடக்கவேண்டும். மூச்சும் நினைவும் இன்றி ஒருவர் விழுந்தால், 108ஐ அழைக்க மற்றொருவரை ஏவிவிட்டு, நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் இரு கைகளையும் அடுக்கி, ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, உதவி வரும்வரை நிறுத்தாமல் அழுத்துங்கள்.