361 அத்தியாயம், 365 நாள்… இந்தக் கணக்கு தெரியுமா?

தலையணை சைஸ் நாவல் என்றதும் முதலில் எது ஞாபகத்துக்கு வரும்? டால்ஸ்டாயின் ‘போரும் அமைதியும்’தானே! ஜனவரி புத்தகக் காட்சியில் ஆசை ஆசையாக வாங்கி, பொங்கல் லீவில் நாற்பது பக்கம் படித்து, “யாருப்பா இந்த அன்னா பாவ்லோவ்னா?” என்று குழம்பி, பேசாமல் அலமாரியில் ஏற்றிவைத்த கோஷ்டியில் நானும் உண்டு. ஒரு முறை அல்ல, மூன்று முறை!

அப்புறம்தான் அந்தக் கணக்கு கண்ணில் பட்டது. நாவலில் மொத்தம் எத்தனை அத்தியாயம் தெரியுமா? 361! (பதிப்புக்குப் பதிப்பு பிரிப்பதில் சின்னச் சின்ன வித்தியாசம் உண்டு. நான் சொல்வது நாலு பாகம், கடைசியில் ஒரு முடிவுரை என்று இன்று வழக்கமாகக் கிடைக்கும் பதிப்பின் கணக்கு.) நாளைக்கு ஒன்று வீதம் ஜனவரி 1 அன்று ஆரம்பித்தால் டிசம்பர் 27 அன்று முடிந்துவிடும். காய்ச்சல், கல்யாணம், கரன்ட் கட் என்று நாலு நாள் லீவும் கையில் மிச்சம்! அத்தியாயம் ஒவ்வொன்றும் சராசரியாக மூன்று, நாலு பக்கம்தான். காலையில் டிகாக்‌ஷன் இறங்குவதற்குள் படித்துவிடலாம். ரஷ்யாவையே நெப்போலியனோடு சேர்த்து விழுங்கிய 1,200 பக்க மலை, டம்ளர் காபி அளவுக்குச் சுருங்கிவிட்டதே!

பக்கத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டு. படித்து முடித்ததும் ஒரே ஒரு வரி எழுத வேண்டும், இரண்டாவது வரி கூடாது. இதுதான் நான் எனக்குப் போட்டுக்கொண்ட சட்டம். 62-ஆம் நாள், மார்ச் 3. ஆஸ்டர்லிட்ஸ் போர்க்களத்தில் அடிபட்டு மல்லாந்து விழுகிறான் நாவலின் நாயகர்களில் ஒருவனான ஆந்த்ரேய். சண்டை என்ன ஆயிற்று என்று பார்க்கக் கண்ணைத் திறந்தால், மேலே உயரமான வானம் மட்டும் தெரிகிறது. அன்றைக்கு என் நோட்டில் இருப்பது ஒரே சொல்: ‘வானம்.’ அதற்கு மேல் என்ன எழுதுவது?

இன்னொன்று தெரியுமா? இந்த நாவலின் முதல் வாசகர்களும் இப்படி மெதுவாகத்தான் படித்தார்கள்! வேறு வழி? 1865-இல் ‘ருஸ்கி வெஸ்த்னிக்’ பத்திரிகையில் ‘1805’ என்ற பெயரில் ஆரம்பித்த கதை, முழுப் புத்தகமாகக் கைக்கு வந்து சேர 1869 ஆகிவிட்டது. 1866-இல் அதே பத்திரிகையில் கூடவே ஓடிக்கொண்டிருந்த இன்னொரு தொடர் என்ன தெரியுமா? தாஸ்தயேவ்ஸ்கியின் ‘குற்றமும் தண்டனையும்’! அந்த வருஷம் சந்தா கட்டியவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

நடுவில் டால்ஸ்டாய் நாவலுக்கு வைக்க நினைத்த ஒரு பெயர், ‘முடிவு நன்றானால் எல்லாம் நன்று’ என்ற பொருளில் வரும் ஷேக்ஸ்பியர் நாடகத் தலைப்பு. நல்லவேளை, தப்பித்தோம்! ஆரம்பத்தை மட்டும் பதினைந்து விதமாக எழுதிப் பார்த்திருக்கிறார். அடித்து, திருத்தி, ஓரத்தில் கிறுக்கி, அதையும் அடித்த அந்தக் கையெழுத்தை எல்லாம் படித்து நல்ல பிரதி எடுத்தவர் மனைவி சோஃபியா. முழு நாவலையும் ஏழு தடவை கையால் எழுதினார் என்று சொல்வார்கள். அந்த எண்ணை யார் நின்று எண்ணினார்களோ! ஆனால் இது நிச்சயம்: நாவல் வளர்ந்த 1863 முதல் 1869 வரைக்குள் அந்த அம்மாளுக்கு நாலு பிரசவம். உலகத்திலேயே இந்த நாவலை மிக மெதுவாக, மிகக் கவனமாகப் படித்த வாசகர் அவர்தான் என்பேன்.

மெதுவாகப் படிப்பவர்களுக்கென்றே டால்ஸ்டாய் வைத்த ஏற்பாடு ஒன்று உண்டு, கவனித்திருக்கிறீர்களா? சின்ன இளவரசி லீசா வரும்போதெல்லாம் அவளுடைய குட்டையான மேலுதடும் கூடவே வரும். மரியா வந்தால் ஒளி வீசும் கண்கள், தொம் தொம்மென்ற நடை. எலென் வந்தால் தோள்கள். நெப்போலியன் என்றால் சின்னஞ்சிறு வெள்ளைக் கைகள்! ஒரே மூச்சில் படித்தால், “எத்தனை தடவைதான் அந்த உதட்டைப் பற்றிச் சொல்வாரு மனுஷன்!” என்று சலிப்பு வரும். மூன்று வாரம் காணாமல் போய் ஒருத்தி திரும்பி வரும்போதுதான் அந்த உதட்டின் அருமை தெரியும். நூற்றுக்கணக்கான பாத்திரங்கள் உலாவும் கதையில் அதுதான் அடையாள அட்டை!

இனிமேல்தான் உண்மையான அதிசயம். ஒருநாள் சும்மா இருக்கமாட்டாமல், எந்த அத்தியாயம் எந்தத் தேதியில் விழுகிறது என்று காலண்டரை வைத்துக் கணக்குப் போட்டேன். அம்மாடி!

103-ஆம் நாள், ஏப்ரல் 13. வசந்தகாலம். ஆந்த்ரேய் வண்டியில் போகிறான். பூர்ச்ச மரமெல்லாம் தளிர்விட்டு நிற்க, சாலையோரத்தில் ஒரு கிழட்டு ஓக் மரம் மட்டும் ஒடிந்த கிளையும் தழும்பேறிய பட்டையுமாக, “வசந்தமாவது ஒன்றாவது!” என்கிற மாதிரி மொட்டையாக முறைத்துக்கொண்டு நிற்கிறது. மரம் சொல்வதுதான் சரி, நம் வாழ்க்கையும் முடிந்தது என்று நினைத்துக்கொள்கிறான். வயது என்ன தெரியுமா? வெறும் 31! மறுநாள் அத்தியாயத்தில் ஒரு நிலா வெளிச்சம். மேல்மாடி ஜன்னலில் தூக்கம் வராமல் நடாஷா என்ற பெண் பேசுவது கீழ்ஜன்னலில் இருக்கும் இவன் காதில் விழுகிறது. அதற்கு அடுத்த நாள், ஏப்ரல் 15, அதே சாலையில் திரும்பி வருகிறான். அந்த மரம் எங்கே? முதலில் அடையாளமே தெரியவில்லை! முரட்டுப் பட்டையைப் பொத்துக்கொண்டு இலை வந்து, மரம் முழுக்கப் பச்சையாக நிற்கிறது.

இந்த இரண்டு மரத்துக்கும் நடுவில், நிலா வெளிச்ச அத்தியாயம் வருகிற ஏப்ரல் 14 என்ன நாள்? நம் சித்திரை முதல் நாள்! வாசலில் வேப்பம்பூ உதிர்ந்து கிடக்க, பச்சடிக்குப் பொறுக்கிக் கொடுத்துவிட்டு வந்துதான் அன்றைய பக்கத்தைப் புரட்டினேன். ஒரே மூச்சில் படித்திருந்தால் மொட்டை மரத்துக்கும் பச்சை மரத்துக்கும் நடுவே இருபது நிமிஷம்கூட ஆகியிருக்காது. நானோ இரண்டு ராத்திரி காத்திருந்தேன்!

போரோதினோ போரைப் பாருங்கள். 1812-இல் நிஜமாக நடந்தது ஒரே நாளில். நாவலில், முந்தைய ஓரிரு நாள் ஆயத்தங்களையும் சேர்த்து 21 அத்தியாயம். ஜூலை 24-இல் நுழைந்தால் ஆகஸ்ட் 13-இல்தான் புகையை விட்டு வெளியே வரலாம்! இதற்காக 1867-இல் டால்ஸ்டாய் பன்னிரண்டு வயது மச்சினனையும் கூட்டிக்கொண்டு போய்ப் போர்க்களத்தைச் சுற்றிப் பார்த்தார். காலைச் சூரியன் பிரெஞ்சுக்காரர்களின் கண்ணில் அடிக்கும் என்பது வரை குறித்துக்கொண்டு வந்தார். நடந்து முடிந்து 55 வருஷம் ஆன போருக்கு வெயில் பார்த்த மனுஷன்!

அக்டோபர் 2 அன்று நாவலின் மிக முக்கியமான ஒருவர் கண்ணை மூடுகிறார். யார் என்று சொல்லமாட்டேன், அடிக்க வராதீர்கள். தேதியைக் கவனித்தீர்களா? காந்தி ஜெயந்தி! 1908-இல் டால்ஸ்டாய் ‘ஓர் இந்துவுக்குக் கடிதம்’ எழுதினார். அதைத் தன் பத்திரிகையில் வெளியிட்டவர் காந்தி. அந்தக் கடிதத்தில் டால்ஸ்டாய் மேற்கோள் காட்டிய நூல்களில் ஒன்று என்ன தெரியுமா? நம் திருக்குறள்!

டிசம்பர் 16? கதை அதற்கு முந்தைய நாளே முடிந்துவிடுகிறது. மிச்சமிருக்கும் 12 அத்தியாயமும் வரலாறு, சுதந்திரம், விதி என்று சுத்தத் தத்துவம். பலர் தாண்டிப் போய்விடும் பகுதி. பெரும்பாலும் அந்தத் தேதியில்தான் மார்கழியும் பிறக்கும்! தெருவில் நாளைக்கு ஒரு பாசுரமாகத் திருப்பாவை கேட்கிற மாதத்தில் நாளைக்கு ஒரு முழம் தத்துவம் பெரிய பாரமாக இல்லை. முப்பது பாட்டை முப்பது நாளுக்குப் பங்கு வைத்துப் படிக்கிற ஊர்க்காரர்களுக்கு இந்த வித்தையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. டால்ஸ்டாய்க்கும் இந்தப் பழக்கம் பிடித்திருந்தது. கடைசிக் காலத்தில், வருஷத்தின் ஒவ்வொரு நாளுக்கும் படிக்கவென்றே அறிஞர்களின் சிந்தனைகளைத் திரட்டி ஒரு தொகுப்பே கொண்டுவந்தார்.

அவசரக்காரர்களும் இருக்கிறார்கள். 2015-இல் ரஷ்யத் தொலைக்காட்சி ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டு முழு நாவலையும் நாலே நாளில் வாசித்து ஒளிபரப்பியது. அதில் ஒருவர் வாசித்தது விண்வெளி நிலையத்தில் இருந்து! 2020 மார்ச்சில், உலகமே கதவைச் சாத்திக்கொண்ட நேரத்தில், எழுத்தாளர் யீயுன் லீ பல நாட்டு வாசகர்களோடு சேர்ந்து தினம் பன்னிரண்டு, பதினைந்து பக்கமாக 85 நாளில் முடித்தார். இந்த நாவலைத் தமிழில் தந்த ‘தினமணி’யின் முதல் ஆசிரியர் டி.எஸ். சொக்கலிங்கம் மொழிபெயர்க்க எத்தனை ராத்திரி கண் விழித்தாரோ!

உச்சக்கட்டத்தை இன்னும் சொல்லவில்லையே. மூன்றாம் பாகத்தின் முதல் அத்தியாயத்தில்தான் நெப்போலியனின் படை எல்லை தாண்டி ரஷ்யாவுக்குள் நுழைகிறது. டால்ஸ்டாய் தருகிற தேதி, பழைய ரஷ்யக் காலண்டர்படி, ஜூன் 12. அது 164-ஆம் நாள் அத்தியாயம். எண்ணிப் பார்த்தால்… ஜூன் 13! ஒரே ஒரு நாளில் நழுவிவிட்டதே என்று அன்று முழுக்க மனசு ஆறவில்லை. ராத்திரி படுக்கும்போதுதான் சட்டென்று பொறி தட்டியது. லீப் வருஷமாக இருந்தால்? பிப்ரவரி 29 நடுவில் வந்துவிடும், 164-ஆம் நாள் கச்சிதமாக ஜூன் 12! எழுந்து லைட்டைப் போட்டு, விரல் விட்டு மறுபடி எண்ணினேன். அடுத்த லீப் வருஷம் 2028. நோட்டில் அடிக்கோடு போட்டு எழுதிவைத்தாயிற்று.

அப்படியே ஜூலை 1 வந்தது. அன்றைய அத்தியாயத்தில் இன்னொரு நாயகன் பியர் பெசுகோவ் உட்கார்ந்து எழுத்துக்கு எண் போட்டுக் கூட்டிக்கொண்டிருக்கிறான். பிரெஞ்சில் ‘பேரரசர் நெப்போலியன்’ என்று எழுதினால் பைபிள் சொல்லும் மிருகத்தின் எண்ணான 666 வருகிறதாம்! சரி, அவனை வீழ்த்தப்போவது யார்? தன் பெயரைப் போட்டுப் பார்க்கிறான், வரவில்லை. எழுத்தை மாற்றி, தேசத்தைச் சேர்த்து, ‘ரஷ்யன் பெசுகோவ்’ என்று எழுதிக் கூட்டினால் 671. ஐந்து அதிகம்! உடனே ஐந்துக்குரிய ஓர் எழுத்தை, இலக்கணம் இடித்தாலும் பரவாயில்லை என்று, பிடுங்கி எறிகிறான். 666! பரபரத்துப் போகிறான்.

நோட்டைத் திருப்பி என் பிப்ரவரி 29-ஐப் பார்த்தேன். அன்றைக்கு எதுவும் எழுதவில்லை.