பழைய ஃபிளாட் வாங்கி, ரிப்பேர் பண்ணி, வாடகைக்கு விடலாமா? முதல்ல கணக்கு போடுவோம்

சென்னையில 25 வருஷப் பழைய ஃபிளாட் ஒண்ணு விலைக்கு வருதுன்னு வெச்சுக்குங்க. 750 சதுர அடி, ரெண்டு பெட்ரூம், 45 லட்சம். "கொஞ்சம் வேலை பார்த்தா 15,000 வாடகை போகும் சார், இஎம்ஐ பாதி அதுலயே வந்துடும்"னு புரோக்கர் சொல்றார். நீங்க வேலைக்குச் சேர்ந்து ஏழெட்டு வருஷம் ஆச்சு. கையில 20 லட்சம் சேர்த்து வெச்சிருக்கீங்க. வாங்கலாமா?

இந்தக் கேள்வியோட என் ஆபீஸுக்கு வர்றவங்க பெரும்பாலும் ஒரு கணக்கு போட்டுட்டுத்தான் வருவாங்க. வருஷ வாடகை 1,80,000. அதை 45 லட்சத்தால வகுத்தா 4%. எஃப்டியை விடக் கம்மிதான், ஆனா வீட்டு விலை ஏறுமேன்னு மனசைத் தேத்திக்குவாங்க. பிரச்சினை என்னன்னா, அந்த 4%-ஏ உண்மை கிடையாது.

வீட்டோட விலை 45 லட்சம் இல்லை. தமிழ்நாட்டுல கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%. ரெண்டும் சேர்ந்து 4,05,000. புரோக்கர் கமிஷன் 1%-னு வெச்சா 45,000. வக்கீல் ஃபீஸ், லோன் புராசஸிங் எல்லாம் சேர்த்து 30,000. ரிப்பேருக்கு 5 லட்சம். மொத்தம் 54,80,000. வாடகையிலயும் வருஷத்துக்கு ஒரு மாசம் வீடு காலியா இருக்கும்னு எடுத்துக்கங்க. 1,65,000 வரும். சொத்து வரி 5,000, சில்லறை ரிப்பேர் 15,000 போனா கையில நிக்கிறது 1,45,000. இப்ப வகுத்துப் பாருங்க: சுமார் 2.6%.

இனி லோன் பக்கம். 30 லட்சத்துல இருந்து 75 லட்சம் வரைக்குமான ஹோம் லோனுக்கு, வீட்டு மதிப்புல 80%-க்கு மேல பேங்க் கொடுக்கக் கூடாதுங்கிறது ரிசர்வ் வங்கி விதி. பத்திரச் செலவு அந்த மதிப்புல சேராது. அப்போ அதிகபட்சம் 36 லட்சம். பழைய கட்டிடம்னா பேங்க் வேல்யூயர் மதிப்பைக் குறைச்சும் போடலாம், அப்ப லோனும் குறையும். மீதி 18,80,000 உங்க பணம். 8.5% வட்டியில 20 வருஷத்துக்கு இஎம்ஐ சுமார் 31,240. ரிப்பேர் நடக்கிற ரெண்டு மாசமும் வாடகை வராது, இஎம்ஐ நிக்காது. அதுக்கு இன்னொரு 62,000. உங்க 20 லட்சத்துல மிச்சம் சுமார் 58,000. அடுத்த மாசமே அப்பாவுக்கு ஒரு ஆபரேஷன் வந்தா, இல்ல கம்பெனியில ஆள் குறைப்பு வந்தா என்ன பண்ணுவீங்க? வீட்டோட பெட்ரூமை மட்டும் தனியா வித்து பணம் எடுக்க முடியாதே.

அதுக்கப்புறமும் மாசாமாசம் உங்க சம்பளத்துல இருந்து சுமார் 19,000 இந்த வீட்டுக்குப் போய்க்கிட்டே இருக்கும். "இஎம்ஐ பாதி வந்துடும்"னு புரோக்கர் சொன்னதுல பாதிதான் உண்மை.

"வரி மிச்சம் ஆகுமே?" பழைய வரி முறையில ஆகும். நம்ம கணக்குலயே பாருங்க: வாடகை 1,65,000-ல நீங்க கட்டின சொத்து வரியைக் கழிச்சா 1,60,000. அதுல 30% நிலையான கழிவு 48,000. (நீங்க நிஜமா ரிப்பேருக்கு எவ்வளவு செலவு பண்ணாலும் இந்த 30% மட்டும்தான். ரிப்பேர் பில்லைத் தனியா கழிக்க முடியாது.) மீதி 1,12,000. முதல் வருஷ வட்டி சுமார் 3,03,000. ஆக 1,91,000 நஷ்டம். பழைய முறையில இந்த நஷ்டத்தை 2 லட்சம் வரைக்கும் சம்பளத்துல கழிக்கலாம். 30% ஸ்லாப்ல இருக்கிறவருக்கு வருஷம் 59,000-க்கு மேல மிச்சம்.

புது வரி முறையில? பூஜ்யம். வாடகை வருமானம் வரைக்கும் வட்டியைக் கழிக்கலாம், அதைத் தாண்டின நஷ்டத்தைச் சம்பளத்துல கழிக்க அனுமதி இல்லை. நீங்க எதையும் தேர்ந்தெடுக்கலைன்னா இப்ப புது முறைதான் தானா பொருந்தும். அதனால பத்து வருஷம் முன்னாடி வீடு வாங்கின சீனியர் சொல்ற வரிக் கணக்கை அப்படியே நம்பாதீங்க. அவர் பொய் சொல்லலை, அவர் காலத்துச் சட்டத்தைச் சொல்றார்.

அப்போ பழைய வீடே வாங்கக் கூடாதா? வாங்கலாம், விலை சரியா இருந்தா. அதே தெருவுல வேலை எல்லாம் முடிஞ்சு, குடி போற நிலையில இருக்கிற ஃபிளாட் என்ன விலைக்குப் போகுதுன்னு முதல்ல விசாரிங்க. 48 லட்சம்னு வெச்சுக்குவோம். அதுல ரிப்பேர் 5 லட்சம், ரெண்டு மாச இஎம்ஐ, எதிர்பாராத செலவுக்கு ஒரு லட்சம், உங்க அலைச்சலுக்கு ஒரு தொகை, எல்லாத்தையும் கழிங்க. 40, 41 லட்சத்துக்கு மேல கொடுக்கிறதுல அர்த்தம் இல்லை. ஓனர் 45-ஐ விட்டு இறங்கலைன்னா நன்றி சொல்லிட்டு வந்துடுங்க. பெயிண்ட் அடிச்சு லாபம் பார்க்கலாம்னு நினைக்காதீங்க, இந்த விளையாட்டுல லாபம் வாங்குற அன்னிக்கே முடிவாயிடும்.

ரிப்பேருக்கும் இதே மாதிரி ஒவ்வொரு ஐட்டத்துக்கும் தனித்தனியா வட்டிக் கணக்கு போடுங்க. அடிப்படை வேலைகளுக்கு 5 லட்சம் போட்டு, வாடகை 12,000-ல இருந்து 15,000 ஆச்சுன்னா வருஷம் 36,000 கூடுது, 7.2%. வீட்டை விட ரிப்பேர்தான் நல்ல முதலீடு! ஆனா 2 லட்சத்துக்கு ஃபால்ஸ் சீலிங்கும் வால்பேப்பரும் போட்டு வாடகை 500 ரூபாய் கூடினா அது 3%. உங்க சொந்த வீட்டுல ஆசைக்குப் போடுங்க, வாடகை வீட்டுல வேண்டாம். பாத்ரூம், குழாய், வயரிங், நீர்க்கசிவு, இந்த நாலும்தான் முதல்ல. பல பழைய கட்டிடங்கள்ல ஜிஐ பைப் உள்ளுக்குள்ள துருப்பிடிச்சு அடைச்சிருக்கும், ஏசி போட்டா வயரிங் தாங்காது.

வீடு பார்க்கப் போகும்போது ஹாலை ரசிக்காதீங்க. மேல மாடிக்காரரோட பாத்ரூமுக்குக் கீழ இருக்கிற உங்க சீலிங்கைப் பாருங்க. டாப் ஃப்ளோர்னா மொட்டை மாடி தளத்தையும் பாருங்க. பெசன்ட் நகர், திருவான்மியூர் மாதிரி கடலோரப் பகுதின்னா உப்புக்காத்துல கம்பி துருப்பிடிச்சு, காங்கிரீட் பேந்து நிக்கும். அது மேஸ்திரி பூசி மறைக்கிற வேலை இல்லை, இன்ஜினீயர் பார்க்க வேண்டிய வேலை. வேளச்சேரி, முடிச்சூர், பள்ளிக்கரணைப் பக்கம்னா 2015 டிசம்பர்லயும் 2023 மிக்ஜாம் புயல்லயும் தண்ணி எதுவரைக்கும் வந்துச்சுன்னு எதிர்த்த மளிகைக் கடைல கேளுங்க. ஓனர்கிட்ட கேட்டா "இந்தத் தெருவுக்கு மட்டும் வரலை"ன்னுதான் சொல்வார்.

பேப்பர்ல தாய்ப்பத்திரம், 30 வருஷ வில்லங்கச் சான்று, அப்ரூவ்டு பிளான், அசோசியேஷன் பாக்கி இல்லைங்கிற கடிதம், இதெல்லாம் வக்கீல் பார்ப்பார். நீங்க கவனிக்க வேண்டியது யுடிஎஸ், அதாவது உங்க பேர்ல வர்ற பிரிக்கப்படாத நிலப் பங்கு. கட்டிடம் பழசாகப் பழசாக அதோட மதிப்பு கரையும், நிலம்தான் மிஞ்சும். 2024 மார்ச்ல அமலுக்கு வந்த தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டப்படி, மூணுல ரெண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதிச்சாலே இடிச்சுக் கட்டலாம். அந்த நாள் வந்தா பேரம் பேச உங்க கையில இருக்கிறது யுடிஎஸ்தான்.

மேஸ்திரிக்குப் பணத்தைப் பேங்க் மூலமாவே கொடுங்க, கையெழுத்துப் போட்ட ரசீது வாங்கிக்கங்க. வயரிங் முழுசா மாத்தினது, புது பாத்ரூம் மாதிரி பெரிய வேலைகளை, விக்கும்போது வீட்டோட அடக்க விலையில சேர்க்க முடியும். பெயிண்ட் அடிச்சது சேராது. 24 மாசத்துக்கு அப்புறம் வித்தா லாபத்துக்கு 12.5% வரி. அதுக்குள்ள வித்தா லாபம் சம்பளத்தோட சேர்ந்து உங்க ஸ்லாப்ல, 30% வரைக்கும் போகும். "வாங்கி, ரிப்பேர் பண்ணி, ஆறே மாசத்துல வித்துடலாம்"னு ரீல்ஸ் பார்த்துட்டு வர்றவங்க, இந்த வரியையும் அடுத்தவர் கட்டப் போற 9% பத்திரச் செலவையும் கணக்குல சேர்த்துட்டு வாங்க, பேசலாம்.

குடித்தனக்காரர் வந்ததும் வாடகை ஒப்பந்தத்தை எழுத்துல போட்டு, 2019 பிப்ரவரியில இருந்து அமல்ல இருக்கிற சட்டப்படி வாடகை அதிகாரிகிட்ட பதிவு பண்ணிடுங்க, ஆன்லைன்லயே பண்ணலாம். அவர் கொடுக்கிற அட்வான்ஸ் உங்க பணம் இல்லை, திருப்பித் தர வேண்டிய கடன். அதை ரிப்பேர் பாக்கியை அடைக்க எடுத்துடாம, தனியா ஒரு எஃப்டில போட்டு வைங்க.