பனிமலை முகாமுக்குச் சமையல் வேலைக்குப் போகுமுன்

எல்லைச் சாலைகள் அமைப்புக்கு ஆள் எடுக்கும் ‘கிரெஃப்’ மையம் லடாக்கிலோ டெல்லியிலோ இல்லை. புனேயில், ஆளந்தி சாலையில் உள்ள திகி முகாமில் இருக்கிறது. 1960 மே 7-ஆம் தேதி தொடங்கப்பட்ட இந்த அமைப்புதான் லடாக்கில் 19,024 அடி உயரத்தில் இருக்கும் உம்லிங் லா கணவாய் வரை சாலை போட்டது. அப்படிப்பட்ட இடங்களில் பாறை உடைப்பவர்களுக்கும் பனி அள்ளுபவர்களுக்கும் வேளாவேளைக்குச் சமைத்துப் போட ஆள் வேண்டும். 2025-ஆம் ஆண்டின் முதல் ஆள்சேர்ப்பு அறிவிப்பில் இருந்த 411 இடங்களில் 153 சமையல்காரர்களுக்கானவை. இது நேர்வழி. புனேயின் கட்கி, தேஹு ரோடு பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் கேட்டரிங் வேலை பார்க்கும் இளைஞர்களுக்கு இன்னொரு வழியும் காட்டப்படுகிறது: சுரங்கப்பாதை, அணை, சாலை வேலை எடுத்திருக்கும் கம்பெனிகளின் முகாம் மெஸ்ஸுக்கு ஒப்பந்ததாரர் மூலமாகப் போவது. இரண்டு பேரும் ஒரே மலையில் ஒரே குளிரில் சமைக்கலாம். ஆனால் ஏதாவது நேர்ந்துவிட்டால் இருவர் வீட்டுக்கும் வந்து சேர்வது ஒன்றாக இருக்காது. இந்த வேறுபாட்டை உண்டாக்குவது குளிரோ உயரமோ அல்ல, கையில் இருக்கும் காகிதம். அந்தக் காகிதத்தைக் கேட்டு வாங்க வேண்டிய இடம் புனேதான். முகாமுக்குப் போய்ச் சேர்ந்தபின் கேட்கப் பெரும்பாலும் வழியிருக்காது.

நேர்வழியில் போகிறவருக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும் சமையலில் கைப்பழக்கமும் வேண்டும். வயது 18 முதல் 25 வரை, இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்குத் தளர்வு உண்டு. உடல்திறன், செய்முறை, எழுத்து என மூன்று தேர்வுகள், பிறகு மருத்துவப் பரிசோதனை. ஏழாவது ஊதியக் குழுவின் முதல் நிலையில், 18,000 ரூபாய் அடிப்படைச் சம்பளத்தில் தொடங்கும். ஆண்களை மட்டுமே எடுக்கிறார்கள். அரசு வேலையாயிற்றே, இனி எந்தக் கவலையும் இல்லை என்று நினைப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொண்டு போகவேண்டும். எல்லைச் சாலைகள் அமைப்பின் நிரந்தரப் படையான கிரெஃபில் இருப்பவர்கள் அரசியல் சாசனத்தின் 33-ஆம் பிரிவுக்குள் வருவார்கள் என்று ஆர். விஸ்வன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1983-இல் தீர்ப்பளித்தது. அதாவது, இராணுவச் சட்டத்தின் ஒழுங்கு விதிகள் பல அங்குள்ள சமையல்காரருக்கும் பொருந்தும். சங்கம் வைத்துப் போராடும் உரிமை கிடையாது. கரண்டி பிடிக்கிறவருக்கு எதற்கு இராணுவ ஒழுங்கு என்று கேட்கலாம். எல்லையோரத்தில் படைக்கு ஈடாக நிற்க வேண்டிய அமைப்பு இது என்பதுதான் நீதிமன்றம் சொன்ன காரணம். ஏற்பதும் மறுப்பதும் அவரவர் விருப்பம். தெரியாமல் கையெழுத்திடுவதுதான் தவறு.

நிரந்தரப் படைக்கு வெளியே, எல்லைச் சாலைகள் அமைப்பு பருவத்துக்குப் பருவம் தினக்கூலிக்கு எடுக்கும் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். இவர்களைத் திரட்டி அழைத்துப்போகும் ‘மேட்’ எனப்படும் தரகர்களைப் பற்றி நெடுங்காலமாகப் புகார் உண்டு: கூலியில் பங்கு பிடிப்பது, வங்கி ஏடிஎம் அட்டையைத் தானே வாங்கி வைத்துக்கொள்வது. 2020-இல் ஜார்க்கண்ட் அரசு இதில் தலையிட்டு, கூலி நேரே தொழிலாளியின் வங்கிக் கணக்குக்குப் போகவேண்டும் என்ற ஏற்பாட்டோடுதான் தும்காவிலிருந்து லடாக்குக்கு ஆட்களை ரயிலேற்றியது. தினக்கூலித் தொழிலாளி இறந்தால் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் கிடைக்கும் காப்பீட்டுக்குப் பாதுகாப்பு அமைச்சகம் 2024 ஜனவரியில்தான் ஒப்புதல் தந்தது. அதற்குச் சில மாதங்கள் முன்புதான் உடலைச் சொந்த ஊருக்குக் கொண்டுபோகும் செலவும் ஏற்கப்பட்டது. ஈமச்செலவுத் தொகை 1,000 ரூபாயிலிருந்து 10,000 ஆனது. அமைப்பு தொடங்கி அறுபது ஆண்டுக்கு மேல் ஆனபிறகு வந்த சலுகைகள் இவை. தனியார் ஒப்பந்ததாரர் அனுப்பும் மெஸ் சமையல்காரருக்கு இவை எதுவும் தானாக வந்துசேராது.

அடுப்படியில் கதகதப்பாக உட்கார்ந்திருப்பவருக்கு என்ன ஆபத்து என்பது வழக்கமான கேள்வி. லே நகரம் ஏறக்குறைய 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் 88 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். சாதமும் பருப்பும் திறந்த பாத்திரத்தில் லேசில் வேகாது. எல்லாமே பிரஷர் குக்கரில்தான், அதுவும் நெடுநேரம். கேஸ் சிலிண்டரில் இருக்கும் பியூட்டேன், உறைநிலைக்கு அரை டிகிரி கீழே போனாலே ஆவியாக மறுக்கும். அடுப்பு மங்கும்போது சிலிண்டரைத் தீயில் காட்டியோ கொதிநீரில் வைத்தோ சூடேற்றுவது வெடிவிபத்தை வலிய அழைப்பது. மண்ணெண்ணெய் அடுப்பும் நிலக்கரிக் கணப்பும் மூடிய தகரக் கொட்டகையில் எரியும்போது கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு வாசனை கிடையாது. தலைவலியும் தூக்கக் கலக்கமுமாக வந்து ஆளை முடித்துவிடும். உயரமும் நோய் தரும். 9,000 அடிக்கு மேலே போகும் வீரர்களை முதல் கட்டத்தில் ஆறு நாள், 12,000 அடியைத் தாண்டினால் மேலும் நான்கு நாள், 15,000 அடியைத் தாண்டினால் இன்னும் நான்கு நாள் என்று பழக்கப்படுத்திய பிறகே இராணுவம் முழு வேலைக்கு விடுகிறது. புனே கடல்மட்டத்திலிருந்து 560 மீட்டர்தான். அங்கிருந்து விமானத்தில் லே போய் இறங்கியவரை மறுநாள் விடியற்காலையில் நூறு பேருக்கு ரொட்டி போடச் சொன்னால், அவர் நுரையீரலில் நீர் கோக்க வாய்ப்பிருக்கிறது. பனிச்சரிவுக்கும் துப்பாக்கிக்கும் அடுப்படி விலக்கல்ல. 2025 பிப்ரவரி 28 அன்று உத்தராகண்டின் மானா அருகே எல்லைச் சாலைகள் அமைப்பின் முகாம்மீது பனி சரிந்தபோது, கன்டெய்னர்களில் இருந்த 54 பேர் புதைந்தார்கள். எட்டுப் பேர் இறந்தார்கள். 2024 அக்டோபர் 20 அன்று காஷ்மீரின் ககன்கீரில் சுரங்கப்பாதைத் தொழிலாளர் முகாமைத் தீவிரவாதிகள் தாக்கி ஏழு பேரைக் கொன்றது இராச்சாப்பாட்டு நேரத்தில்.

ஆபத்தில் பேதமில்லை, சட்டத்தில் ஒரு சிறு பேதம் இருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. நிறுவனத்தின் மையப் பணிகளில் ஒப்பந்தத் தொழிலாளரை வைக்கப் பொதுவாக அனுமதியில்லை என்கிற தொகுப்பே, கேன்டீனும் கேட்டரிங்கும் மையப் பணி அல்ல என்று பெயர் சொல்லி விலக்குகிறது. சோறில்லாமல் சுரங்கம் எப்படி நகரும் என்பது தனி விவாதம். ஆகவே சாலை போடும் கம்பெனி தன் சமையல்காரரை எந்தத் தடையுமில்லாமல் ஒப்பந்தத்தில் வைக்கலாம். 50 பேருக்குக் குறைவாக வைத்திருக்கும் ஒப்பந்ததாரருக்கு உரிமமும் தேவையில்லை. முன்பு இந்த வரம்பு 20. வெளிமாநிலத் தொழிலாளிக்கு மாதச் சம்பளத்தில் பாதி அளவு இடம்பெயர்வுப் படி தரச்சொன்ன 1979-ஆம் ஆண்டுச் சட்டம் போய்விட்டது. புதிய தொகுப்பில் அந்தப் படி இல்லை. ஊருக்குப் போய்வர ஆண்டுக்கொரு முறை பயணப்படி உண்டு, ஆனால் மாத ஊதியம் 18,000 ரூபாய்க்கு மேல் போனால் ‘வெளிமாநிலத் தொழிலாளி’ என்ற வரையறைக்கே வெளியே போய்விடுவார். இழப்பு இவ்வளவு என்றால் வரவும் உண்டு. நியமனக் கடிதம் எல்லோருக்கும் கட்டாயம். மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள். வேலையை விட்டால் இரண்டு வேலை நாளுக்குள் கணக்கு முடிக்கவேண்டும். எட்டு மணி நேரத்துக்கு மேல் செய்யும் வேலைக்கு இரட்டிப்புக் கூலி. விடியற்காலை நான்கு மணிக்கு டீ போடத் தொடங்கி இரவு பத்து மணிக்குப் பாத்திரம் கவிழ்க்கிற மெஸ்ஸில் இந்தக் கடைசி விதியின் மதிப்பு எவ்வளவு என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒப்பந்ததாரர் கூலி தராவிட்டால் வேலையை எடுத்த முதன்மை நிறுவனம் தரவேண்டும். மூன்று ஆண்டுக்குள் கோரிக்கை வைக்கலாம். நிலுவையைப் போலப் பத்து மடங்கு வரை இழப்பீடு சேர்த்து வழங்க அதிகாரிக்கு அதிகாரம் உண்டு.

பனிச்சரிவு இயற்கையின் சீற்றம், அதற்கு முதலாளி எப்படிப் பொறுப்பு என்ற வாதம் நியாயம்போலத் தெரியும். வேலையின் தன்மையோ நிபந்தனையோ ஒருவரைத் தனிப்பட்ட அபாயத்துக்குள் கொண்டுபோய் நிறுத்தினால், அங்கே நேரும் விபத்து வேலையால் நேர்ந்ததே என்பது மெக்கினன் மெக்கன்சி வழக்கில் 1969-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட அளவுகோல். முதலாளியின் தவறை நிரூபிக்கவும் தேவையில்லை. 1923-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தின் கணக்கில், மாதம் 15,000 ரூபாய் ஊதிய வரம்பை வைத்துக்கொண்டால், 30 வயதுக்காரர் இறந்தால் குடும்பத்துக்கு 7,500-ஐ 207.98-ஆல் பெருக்கி 15,59,850 ரூபாய் வரவேண்டும். புதிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்பும் இந்தக் கணக்கு முறையையே எடுத்துக்கொண்டிருக்கிறது. இரண்டு ஆண்டுக்குள் மனுச் செய்யவேண்டும். லடாக் வரை அலைய வேண்டியதில்லை. குடும்பம் வசிக்கும் பகுதியின் அதிகாரியிடமே, அதாவது புனேயிலேயே, கோரலாம். எல்லாம் சரி, ஆனால் இந்தக் கதவுகள் அனைத்தும் ஒரே சாவிக்குத்தான் திறக்கும்: இவர் இன்னாரிடம் இந்தத் தேதியிலிருந்து இந்தச் சம்பளத்துக்கு வேலை பார்த்தார் என்ற சான்று. அது இல்லாவிட்டால், முகாமில் வந்து தங்கியிருந்த ஆள் என்றுதான் எதிர்த்தரப்பு சொல்லும்.

கடிதம் கேட்டால் வேலையே போய்விடும், வரிசையில் அடுத்த ஆள் நிற்கிறான் என்பதே கடைசித் தயக்கம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. கடிதம் தர மறுப்பவரிடம் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியாவது வாங்கிக்கொள்ளுங்கள்: முகாம் இருக்கும் இடம், முதன்மைக் கம்பெனியின் பெயர், சம்பளம், சேரும் தேதி. முன்பணத்தைக்கூட ரொக்கமாக வாங்காமல் வங்கிக் கணக்கில் போடச் சொல்லுங்கள். கணக்குப் பதிவே சான்றாகும். ஏடிஎம் அட்டையையும் மூல ஆதாரையும் யாரிடமும் கொடுக்காதீர்கள். ரயில் டிக்கெட், முகாம் நுழைவு அட்டை, மெஸ் பதிவேட்டில் உங்கள் பெயர் இருக்கும் பக்கம் ஆகியவற்றைப் படமெடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். இ-ஷ்ரம் தளத்தில் பதிந்துகொள்ளுங்கள்; உதவி எண் 14434. பிரதமர் சுரக்ஷா பீமா திட்டத்தில் ஆண்டுக்கு 20 ரூபாய்க்கு 2 லட்சம் விபத்துக் காப்பீடு கிடைக்கிறது. வங்கியில் ஒரு படிவம் போதும். மத்திய அரசு அமைப்புகளின் வேலை என்றால் மத்திய தொழிலாளர் ஆணையரின் ‘சமாதான்’ தளத்தில் புகார் செய்யலாம்.

திகி முகாமில் வேலை வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்பவர்களைப் பற்றியும் சொல்லவேண்டும். 2021 பிப்ரவரியில் இராணுவ ஆள்சேர்ப்புத் தேர்வின் வினாத்தாள் கசிந்து, தேர்வே ரத்தாகி, ஆட்கள் கைதானது இதே புனேயில்தான். கிரெஃப் சமையல்காரர் பணிக்குப் பொதுப் பிரிவினர் கட்டும் விண்ணப்பக் கட்டணம் 50 ரூபாய்; பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் அதுவும் இல்லை. அதற்கு மேல் ஒரு ரூபாய் கேட்டாலும் கொடுக்காதீர்கள், காவல் நிலையத்துக்குப் போங்கள்.