குடும்பத்தோடு பயணமா? மூட்டை கட்டும் முன் ஒரு நிமிடம்!

வருடத்தில் முந்நூற்று அறுபது நாளும் கல்லாவைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் நாம். குலதெய்வத்துக்கு முடி இறக்க, பெருமாளைச் சேவிக்க, பிள்ளைகளின் பள்ளி விடுமுறைக்கு என்று இரண்டு நாள் கடையைச் சாத்துவதே பெரும்பாடு. அந்த இரண்டு நாளுக்கும் எப்படிப் புறப்படுகிறோம்? இரவு பத்து மணிக்கு ஷட்டரை இறக்கி, பதினொன்றுக்குக் கணக்கு முடித்து, விடியற்காலை மூன்று மணிக்கு வேன் வந்து ஹாரன் அடிக்கும்போது கைக்குக் கிடைத்ததை எல்லாம் பையில் திணித்துக்கொண்டு ஓடுகிறோம்.

ஊருக்கே நூறு கிராம், இருநூறு கிராம் என்று பார்த்துப் பார்த்துப் பொட்டலம் கட்டிக் கொடுக்கும் நாம், நம் வீட்டு மூட்டையை மட்டும் கணக்கில்லாமல் கட்டுகிறோம். இதனால் வரும் தொல்லை சிறியதல்ல. பட்டபின் தெரிந்துகொண்டதை நம் உறுப்பினர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

எங்கள் வீட்டுக் கதை

சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் குடும்பத்தோடு ஊத்துக்கோட்டையிலிருந்து நாகலாபுரம், புத்தூர் வழியாகத் திருப்பதி போனோம். முறுக்கும் அதிரசமும் மட்டும் மூன்று டின். போர்வை, தலையணை, பெரிய குடம் வேறு. வீட்டுப் பெரியவரின் இரத்த அழுத்த மாத்திரை சமையலறை அலமாரியிலேயே தங்கிவிட்டது.

அதுகூடப் பரவாயில்லை, திருப்பதியில் மருந்துக் கடை உண்டு. திரும்பும் வழியில் ஏழு வயதுப் பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு கண்டது. பையில் நம் கடை ரேக்கிலிருந்து எடுத்துப் போட்ட அட்டைப்பெட்டிப் பானம் இருந்தது. அதன்மேல் 'ஓ.ஆர்.எஸ்.' என்ற எழுத்து கொட்டை கொட்டையாக இருந்தது. மருந்து கையிலேயே இருக்கிறது என்று நிம்மதியாக ஒன்றன்பின் ஒன்றாகக் கொடுத்தோம். பிள்ளைக்குக் குறையவில்லை, கூடியது. கண் சொருகிய நிலையில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனபோது, காலிப் பெட்டியைத் திருப்பிப் பார்த்த டாக்டர், "இது சர்க்கரைத் தண்ணீர் ஐயா" என்றார். சலைன் ஏற்றிய பிறகு பிள்ளை பிழைத்து எழுந்தது. ஆனால் அந்தச் சரக்கை எத்தனை தாய்மார்களுக்கு நாம் நம்பிக்கையோடு எடுத்துக் கொடுத்திருப்போம் என்ற எண்ணம் அன்று இரவு எங்களைத் தூங்கவிடவில்லை.

முதலில் சிட்டை

மொத்த வியாபாரியிடம் சரக்கு எடுக்கப் போகும்போது சிட்டை இல்லாமல் போவோமா? பயணத்துக்கும் அதே வழக்கம் வேண்டும். புறப்படுவதற்கு மூன்று நாள் முன்பே ஒரு தாளில் எழுதுங்கள். அதை மூன்று பத்தியாகப் பிரியுங்கள்.

முதல் பத்தி, இல்லாவிட்டால் பயணமே நின்றுபோகும் பொருள்கள்: அன்றாட மாத்திரைகள், மருந்துச் சீட்டின் நகல், மூக்குக் கண்ணாடி, ஆதார் அட்டை, தரிசன டிக்கெட், பணம். இரண்டாவது, வழியில் வாங்க முடிந்தாலும் கையில் இருந்தால் நல்லது என்பவை: துண்டு, சோப்பு, டார்ச், கொசுவர்த்தி, ஊசி நூல், பழைய செய்தித்தாள். மூன்றாவது, 'இருக்கட்டுமே' என்று எடுப்பவை. இந்த மூன்றாம் பத்தியில் பாதியைத் தயங்காமல் அடித்துவிடுங்கள். சுமை கூடுவதற்குக் காரணம் எப்போதும் இந்த 'இருக்கட்டுமே'தான்.

முதல் பத்திப் பொருள்கள் எல்லாம் ஒரே சிறு தோள் பையில், வீட்டில் பொறுப்பான ஒருவர் கையில் இருக்க வேண்டும். பணத்தை மட்டும் இரண்டு மூன்று பேரிடம் பிரித்து வைப்பது நல்லது. இன்சுலின் போடுபவர்கள் அதை வெயிலில் நிற்கும் வண்டியில் வைத்துவிட்டு இறங்கக் கூடாது. சூடு ஏறினால் மருந்தின் வீரியம் குறையும்.

பை வாங்கும்போது

நம் கடையில் தராசு இருக்கிறது. காலிப் பையை முதலில் அதில் வையுங்கள். சக்கரம் வைத்த பெரிய பெட்டிகள் பல காலியாகவே மூன்று நான்கு கிலோ இருக்கும். சக்கரம் சமதரையில் ஓடும். கோயில் படியிலும் வேன் கூரையிலும் அதுவே பாரம். படியேறும் பயணத்துக்குத் தோளில் மாட்டும் பையே உதவும்.

பையின் அடிப்பக்கமும் கைப்பிடி சேரும் இடமும் இரட்டைத் தையலா என்று பாருங்கள். ஜிப்பை நாலு முறை இழுத்துப் பாருங்கள். மூலையில் சிக்கினால் அந்தப் பை வேண்டாம். ஆளுக்கு ஒரு பை, அவரவர் தூக்கும் எடை என்று வைத்துக்கொண்டால் வீட்டுப் பெண்கள் தலையில் எல்லாச் சுமையும் விழாது.

அடுக்கும் முறை நமக்குத் தெரிந்ததுதான். கனமான சரக்கு அடியில், நொறுங்குவது மேலே, முதலில் வேண்டியது கைக்கெட்டும் இடத்தில். எண்ணெய், ஊறுகாய் எதுவானாலும் மூடிக்கு அடியில் ஒரு தாள் வைத்து இறுக்கி, தனிப் பையில் நிமிர்த்தி வையுங்கள். துணிப்பை நாலு கூடுதலாக மடித்து வைத்தால் ஈரத்துணிக்கும் அழுக்குத்துணிக்கும் ஆகும்.

கட்டுச்சோறு

புளியோதரை, மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லி, சப்பாத்தி ஆகியவை ஒரு நாள் தாங்கும். தேங்காய்ச் சட்னி வெயில் ஏறும் முன்பே கெட்டுப்போகும், எடுக்கவே வேண்டாம். தயிர் சாதத்தைப் பால் அதிகமும் தயிர் கொஞ்சமுமாகப் பிசைந்தால் மதியம்வரை புளிக்காது. எதுவானாலும் நன்றாக ஆறிய பிறகே மூட வேண்டும். சூட்டோடு மூடினால் ஆவி தண்ணீராகி உணவு ஊசிப்போகும். வாழை இலையிலோ மந்தாரை இலையிலோ கட்டினால் சாப்பிட்ட பிறகு பாத்திரம் கழுவும் வேலையும் மிச்சம்.

அடுப்பு வேண்டாம்

நம் ஊரில் ரயில் இல்லை. ராமேசுவரம், காசி என்று தொலைதூரம் போகிறவர்கள் திருவள்ளூருக்கோ சென்னைக்கோ போய்த்தான் ரயில் ஏற வேண்டும். கூட்டமாகப் போகும்போது 'சின்ன சிலிண்டர் ஒன்று இருந்தால் டீ போட்டுக்கொள்ளலாம்' என்று சிலர் நினைக்கிறார்கள். 2023 ஆகஸ்ட் 26ஆம் தேதி விடியற்காலையில் மதுரையில் நின்றிருந்த சுற்றுலாப் பெட்டி தீப்பற்றி 9 பேர் மாண்டதை நாம் மறக்கக் கூடாது. லக்னோவிலிருந்து வந்த யாத்ரீகர்கள் அவர்கள். விதியை மீறி உள்ளே கொண்டுவந்த கேஸ் சிலிண்டரே அதற்குக் காரணம். எரிவாயு, மண்ணெண்ணெய், பட்டாசு முதலியவற்றை ரயிலில் எடுத்துச் சென்றால் 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டப்படி 3 ஆண்டுவரை சிறைத் தண்டனை உண்டு. ஒரு பிளாஸ்க் வெந்நீர் போதும், வம்பு எதற்கு?

எடைக்கும் ரயிலில் கணக்கு உண்டு. படுக்கை வசதிப் பெட்டியில் ஒருவருக்கு 40 கிலோ, இரண்டாம் வகுப்பில் 35 கிலோ வரை கட்டணமில்லை. 5 முதல் 12 வயதுவரையுள்ள பிள்ளைகளுக்கு அதில் பாதி.

எல்லை தாண்டும்போது

நம் ஊரிலிருந்து சுருட்டப்பள்ளி கூப்பிடு தூரம்தான். பள்ளிகொண்டீசுவரரைப் பார்க்கப் பிரதோஷத்துக்குப் போகிறவர்கள் ஆந்திர எல்லைக்குள் நுழைகிறோம் என்பதையே நினைப்பதில்லை. வாடகை வேனில் போனால் ஆந்திரத்துக்கு உரிய பர்மிட் இருக்கிறதா என்று முன்பே கேளுங்கள். நடு ரோட்டில் வண்டியை நிறுத்திவைத்தால் பிள்ளை குட்டிகளோடு நிற்பது நாம்தான்.

திருமலை சுமார் 2,800 அடி உயரம். மார்கழி, தை இரவுகளில் குளிரும், ஆளுக்கு ஒரு சால்வை அவசியம். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு அங்கே தடை இருக்கிறது. எவர்சில்வர் பாட்டில் எடுத்துச் செல்லுங்கள். பீடி, சிகரெட், மது, மாமிசம் எதற்கும் அனுமதி இல்லை, அலிபிரியில் சோதிப்பார்கள். நம்மவர்கள் சட்டைப் பையிலும் கடைப் பையிலும் பீடிக்கட்டு மறந்து கிடக்கும், பார்த்து எடுத்துவிடுங்கள். 300 ரூபாய் தரிசனத்துக்கு ஆண்களுக்கு வேட்டி, பெண்களுக்குப் புடவை அல்லது துப்பட்டாவோடு சுடிதார் வேண்டும். அந்தத் துணியைப் பையின் மேலேயே வையுங்கள்.

அலிபிரி வழியாக நடப்பவர்கள் 3,550 படி ஏற வேண்டும். மூட்டையைக் கீழே ஒப்படைத்தால் தேவஸ்தானமே மேலே கொண்டு சேர்க்கிறது. 2023 ஆகஸ்டில் இந்தப் பாதையில் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தியைச் சிறுத்தை கொன்றது. அதன்பின் சிறுவர்களை அழைத்துப் போகத் தேவஸ்தானம் நேரக் கட்டுப்பாடு விதித்தது. புறப்படும் முன் அன்றைய விதியைக் கேட்டுக்கொண்டு, பிள்ளையின் கையை விடாமல் நடப்பதே முறை.

மருந்துப் பெட்டியும் நம் மனசாட்சியும்

பஞ்சு, கட்டுத்துணி, காய மருந்து, காய்ச்சல் மாத்திரை ஆகியவற்றோடு உண்மையான ஓ.ஆர்.எஸ். பொட்டலம் நான்கு கட்டாயம் இருக்கட்டும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஒரு லிட்டர் தண்ணீருக்கு 20.5 கிராம் தூள். அதில் குளுக்கோஸ் 13.5 கிராம் மட்டுமே. உப்பும் குளுக்கோசும் இந்த அளவில் சேர்ந்தால்தான் குடல் தண்ணீரை உள்ளே இழுக்கும். சர்க்கரை அளவு மீறினால், உடம்பிலுள்ள தண்ணீர் குடலுக்குள் இறங்கிப் போக்கு அதிகமாகும். எங்கள் பிள்ளைக்கு நடந்தது இதுதான்.

உறையில் சொன்ன அளவு சுத்தமான தண்ணீரில் முழுப் பொட்டலத்தையும் கரைத்து, 24 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். பொட்டலம் கிடைக்காத இடத்தில், ஒரு லிட்டர் தண்ணீரில் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும் கரைத்துச் சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். பிள்ளை சோர்ந்து கிடந்தாலோ, சிறுநீர் நின்றாலோ, மலத்தில் இரத்தம் வந்தாலோ காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

உலக சுகாதார நிறுவன அளவில் இல்லாத பானங்களின் பெயரில் 'ஓ.ஆர்.எஸ்.' என்ற எழுத்து வரக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. உங்கள் ரேக்கிலோ கிடங்கிலோ பழைய சரக்கு இருந்தால் இன்றே எடுத்துத் தனியாக வைத்து, விநியோகஸ்தரிடம் திருப்பிக் கொடுங்கள். வயிற்றுப்போக்குக்கு என்று கேட்டு வரும் தாயிடம் பழரசப் பெட்டியை நீட்டாமல், மருந்துக் கடைக்கு வழிகாட்டுங்கள். ஒரு பெட்டியின் லாபம் போகும். அந்தத் தாய் நம் கடைக்கு அடுத்த மாதமும் வருவாள்.

நம் கடைக்கு என்ன வேலை?

ஆடி மாதம் பெரியபாளையம் பவானி அம்மனுக்குப் போகும் கூட்டமும், புரட்டாசியில் திருப்பதிக்குப் போகும் கூட்டமும் நம் கடைவீதி வழியாகத்தான் போகின்றன. அவர்களுக்கு வேண்டியதை ஒரே இடத்தில் தெரியும்படி அடுக்கி வையுங்கள்: தீப்பெட்டி, கற்பூரம், டார்ச் பேட்டரி, சிறு சோப்பு, பேரீச்சை, பொட்டுக்கடலை, பனங்கற்கண்டு, தொப்பி, துணிப்பை. பொங்கல் வைப்பவர்களுக்கு அரிசி, வெல்லம், பருப்பு, முந்திரி எல்லாம் அளந்து ஒரே பொட்டலமாகக் கட்டிவைத்தால் அவர்களுக்கும் நேரம் மிச்சம், நமக்கும் வியாபாரம். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் கைப்பையும், பிளாஸ்டிக் டம்ளரும், தண்ணீர்ப் பாக்கெட்டும் தடையில் இருக்கின்றன. மஞ்சப்பையும் பாக்குமட்டைத் தட்டும் வைத்து விற்போம், அபராதத்துக்கும் இடமில்லை.

கடைசியாக ஒன்று. நீங்கள் பயணம் போகும்போது ஷட்டரில் 'இன்ன தேதிவரை கடை விடுமுறை' என்று எழுதி ஒட்டிவிட்டுப் போங்கள். அன்றாடம் பால், முட்டை வாங்குகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லிவிடுங்கள். பக்கத்துக் கடைக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லி, தொலைபேசி எண்ணையும் கொடுத்துவிட்டுப் போனால், அவர் உங்கள் பூட்டையும் ஒரு கண் பார்த்துக்கொள்வார். அவர் புறப்படும் நாளில் அவர் பூட்டை நாம் பார்த்துக்கொள்வோம்.