அதிகாலை நாலு மணிக்கு வரும் தூத்துக்குடி

வளைகுடாவில் சில காலம் உழைத்துவிட்டு ஐரோப்பாவுக்கு வந்து சேர்ந்தவர்கள் எம்மில் பலர். அந்த வெயிலையும், ஒரே அறையில் எட்டுக் கட்டிலையும் மறக்கமாட்டோம். சார்ஜாவில் தொழிற்சாலையில் நின்ற எங்களுக்குப் பற்றறியில் ஓடும் சின்ன வானொலிப் பெட்டியும் மறக்காது. அமீரகத்தில் அப்போது வாட்ஸ்அப்பில் எழுதலாம், கதைக்க முடியாது, தடை. தொலைபேசி அட்டை சம்பளத்தைத் தின்னும். வானொலி ஒரு சதமும் கேட்காது.

தூரத்து நிலையங்களைத் தேடிப் பிடிப்பதை உலகெங்கும் பலர் பொழுதுபோக்காகச் செய்கிறார்கள். டி.எக்ஸ். என்று அதற்குப் பெயர். மத்திய அலையில் இதைச் செய்ய இருட்டு வேண்டும். பகலில் வானத்தில் 60 முதல் 90 கிலோமீற்றர் உயரத்தில் உள்ள ஒரு படை இந்த அலைகளை உறிஞ்சிவிடும். பொழுதுபட்டதும் அந்தப் படை கலைந்துபோகும். அலைகள் அதற்கு மேலே போய்த் தெறித்து, கடல் கடந்து இறங்கும்.

சார்ஜாவிலிருந்து தூத்துக்குடி ஏறக்குறைய 3,000 கிலோமீற்றர். அங்கே அகில இந்திய வானொலியின் 200 கிலோவாற் பரப்பி 1053 கிலோஹேர்ட்ஸில் இலங்கைப் பக்கம் பார்த்து ஒலித்தது. யாழ்ப்பாணத்தில் பகலிலேயே கேட்ட குரல். வளைகுடா நேரம் ஒன்றரை மணித்தியாலம் பின்னால். ஆகவே அங்கே காலை ஐந்தரை என்றால் எங்களுக்கு நாலு மணி. மார்கழி, தை மாதங்களில் தூத்துக்குடியில் விடிய ஆறரை ஆகும். எங்களுக்குக் கிடைத்தது அந்த ஒரு மணித்தியாலம்தான். விடிந்தால் குரல் தேய்ந்து போய்விடும். இரவு வேலை முடித்து வருபவர் நித்திரைக்குப் போகாமல் மொட்டை மாடிக்கு ஏறுவார். அறைக்குள் ஏ.சி.யின் இரைச்சல் ஒன்றையும் கேட்க விடாது.

பெட்டியைத் திருப்புவதிலும் ஒரு வித்தை உண்டு. உள்ளே ஒரு கறுப்புக் கோல் கிடக்கிறது, அதுதான் ஏரியல். அதன் நுனி எந்த நிலையத்தை நேராகப் பார்க்கிறதோ அந்த நிலையம் அமுங்கிவிடும். ஈரான் பக்கத்து நிலையம் குறுக்கே கத்தினால் நுனியை ஈரானுக்குக் காட்டுவோம். பாரசீகம் மெல்ல அடங்க, அடியிலிருந்து தமிழ் எழும்பும்.

இன்னொரு சின்னக் கணக்கு. அமெரிக்கக் கண்டம் தவிர்ந்த நாடுகளில் மத்திய அலை நிலையங்கள் 9 கிலோஹேர்ட்ஸ் இடைவெளியில் இருக்கின்றன. 1053இன் இலக்கங்களைக் கூட்டுங்கள்: 9. புத்தளம் 882: 18. சென்னை 720: 9. இப்படி ஒன்பதில் வராத எண்ணில் நின்றால் முள்ளை இன்னும் கொஞ்சம் நகர்த்த வேண்டும் என்று அர்த்தம்.

ஒலிபரப்புத் தொடங்குமுன் அகில இந்திய வானொலியின் அடையாள இசை வரும். இரைச்சலுக்குள் அதைப் பிடித்தால் போதும், எண்ணைப் பார்க்கத் தேவையில்லை. அந்த இசையை அமைத்தவர் வால்டர் கவுஃப்மன் என்கிறார்கள். ஹிட்லருக்குத் தப்பி 1934இல் பம்பாயில் வந்திறங்கிய யூதர். பிறகு பம்பாய் வானொலியில் இசைக்குப் பொறுப்பாக இருந்தார். எங்களைப் போல ஊரை விட்டு ஓடிவந்த ஒருவர். இதை அறிந்த பிறகு அந்த வயலின் எங்கள் காதுக்கு வேறு மாதிரித்தான் கேட்டது.

பி.பி.சி. தமிழோசை வானொலி 2017 ஏப்ரலோடு நின்றது. அது சிற்றலையில் வந்தது. மத்திய அலையும் பல நாடுகளில் மூடப்படுகிறது. ஜேர்மனியும் பிரான்சும் 2015 முடிவோடு தங்கள் பெரிய பரப்பிகளை நிறுத்தின. ஒருவகையில் எமக்கு இது வசதி. பக்கத்து நிலையங்களின் சத்தம் குறைந்தால் தூரத்துக் குரலுக்கு வழி கிடைக்கிறது. பழைய சாமான் சந்தையில் ஒரு பெட்டி கண்டால் வாங்குங்கள். எல்.ஈ.டி. விளக்கையும் கைத்தொலைபேசி சார்ஜரையும் நிறுத்திவிட்டு, மாரிகால இரவில் பிள்ளைகளோடு யன்னலடியில் இருந்து திருப்பிப் பாருங்கள். தமிழ் உடனே அகப்படாது. முதலில் அரபு வரும், ஸ்பானியம் வரும். கேட்ட நேரத்தையும் எண்ணையும் ஒரு கொப்பியில் எழுதி நிலையத்துக்கு அனுப்பினால், சில நிலையங்கள் படம் போட்ட அட்டை ஒன்றைப் பதிலாக அனுப்பும். பிள்ளைகள் அதற்காகவே நித்திரை முழிப்பார்கள்.