படத்தில் தெரிந்த நீர்ப்பை

சென்ற மாரியில் துவிச்சக்கர வண்டியிலிருந்து விழுந்தேன். தலையில் அடிபட்டமையால் ஸ்கான் படம் எடுத்தனர். அடியால் யாதொரு கேடும் இல்லை. ஆனால், அறிக்கையின் இறுதி வரியில், இடது பொட்டுப் பக்கத்தே மூளையை ஒட்டி ஒரு நீர்ப்பை உளதெனக் கண்டிருந்தது. அதை மனைவிக்குக் காட்டாது மூன்று இரவுகள் விழித்திருந்தேன். மாணவருக்குச் சொற்பொருள் சொல்லிப் பிழைப்பவன், ஒரு சொல்லுக்குப் பொருளறியாது கலங்கினேன்.

நரம்பியல் வைத்தியர் அறிக்கையை ஒதுக்கிவிட்டுப் படத்தையே வாங்கிப் பார்த்தார். மூளையைப் போர்த்திருக்கும் சிலந்திவலை போன்ற மென்சவ்வினிடையே நீர் தேங்கிய பை அது; பெரும்பாலும் பிறவியில் அமைவது. (சிலந்தி என்பதற்குக் கட்டி என்றும் பொருளுண்டே என்று என் தமிழறிவு அவ்வேளை வருத்தியது!) நெதர்லாந்தின் றொட்டர்டாம் நகரில் 2000 பேரின் தலைகளைப் படமெடுத்து 2007இல் வெளியிட்ட ஆய்வில், நூற்றுக்கு ஒருவரளவில் இத்தகைய பை காணப்பட்டதாம்.

அது எவ்விடத்தது, மூளையை அழுத்துகின்றதா, நமது உபாதைக்கு அதுதான் காரணமா என்பனவே கேட்டறிய வேண்டியவை. நீர்ப்பைகள் யாவும் ஒன்றல்ல; மூளையின் நீரோட்டத்தை அடைக்கும் கொலொயிட் வகை சிலவேளை உயிருக்கே ஆபத்தாகும். என்னுடையது அழுத்தவில்லை, ஆதலின் கத்தி வேண்டாம் என்றார். வலுத்துவரும் தலைவலி, வாந்தி, பார்வைக் குறைவு, வலிப்பு, கைகால் சோர்வு தோன்றின் தாமதியாது வரவேண்டும். பின்னர் எடுப்பதோடு ஒப்பிட இப்படத்தைப் பத்திரப்படுத்த வேண்டும்.

வீடு திரும்பி மனைவியிடம் அறிக்கையை நீட்டினேன். முதல் நாளே வாசித்துவிட்டதாகச் சொல்லி, படத்தை வாங்கிச் சேலைகளுக்கிடையே வைத்து அலுமாரியைப் பூட்டினாள்.