வரப்பிலேயே கணக்குப் பார்த்தல்
பிழையான அளவுகள் வழியேறுமுன் கண்டறியும் முறை

(நெடுங்காடு விவசாய டிமான்ஸ்டிரேட்டர் எழுதியது)

காரைக்கால் பிராந்தியம் காவிரிப் பாசனத்தின் கடைமடை என்பது யாவரும் அறிந்ததே. 2018-ஆம் வருஷம் பிப்ரவரி 16-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பிலும் புதுச்சேரிப் பிரதேசத்திற்கு 7 டி.எம்.சி. தண்ணீரே உறுதி செய்யப்பட்டது. ஆறுகளில் நன்னீர் வரத்துக் குறையுங் காலத்தில் கடல்நீர் முகத்துவாரங்களின் வழியே உள்ளேறுகிறது. ஆகவே, வாய்க்காலில் வருவது நன்னீரா, உவர்நீரா என்று தெரிந்துகொண்டே மடையைத் திறக்க வேண்டியவர்களாயிருக்கிறோம்.

நெற்பயிர் உவரைத் தாங்குவதற்கு ஓர் எல்லையுண்டு. பாசன நீரின் மின்கடத்துதிறன் மீட்டருக்குச் சுமார் 2 டெசிசீமன்ஸ் வரையில் விளைச்சல் குறைவதில்லை என்றும், 4.8-ஐ எட்டினால் பாதி விளைச்சல் போய்விடும் என்றும் ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய ஸ்தாபனம் வெளியிட்ட அட்டவணை கூறுகிறது. இவ்வளவு நுட்பமான வேறுபாட்டை நாவினால் திட்டமாக அறிவது அரிது. இதன் பொருட்டே வாய்க்காலில் சென்சார் என்னும் உணர்கருவியை நாட்டி, அது காட்டும் அளவைக் கம்பியில்லாமல் கைத்தொலைபேசிக்கு வரவழைக்கும் வழக்கம் ஏற்பட்டிருக்கிறது. சில இடங்களில் அவ்வளவைக் கொண்டு பம்புசெட்டும் தானாகவே ஓடி நிற்கிறது.

வந்த எண் பொய்யானால் விளைவு என்ன? உவர்நீரை நன்னீர் என்று காட்டினால், இரவோடிரவாக நாற்றங்கால் கெடும். நன்னீரை உவர்நீர் என்று காட்டினால், நம் முறைக்கு வந்த தண்ணீர் கண்ணெதிரே கடலுக்குப் போகும். எனவே, எண்ணை நம்புமுன் அதைச் சோதிக்க வேண்டும். அச்சோதனையை எங்கே செய்வது என்பதே இக்கட்டுரையின் விஷயம்.

1. களத்திலேயே தூற்றுதல்

முன்பெல்லாம் கருவி கண்ட எண்கள் அனைத்தும் தொலைவிலுள்ள ஒரு பெரிய கணினிக்குச் சென்று, அங்கேதான் ஆராயப்பட்டன. இப்பொழுதோ உணர்கருவி இருக்கும் பெட்டிக்குள்ளேயே ஒரு சிறு கணினியை வைத்து, எண் வெளியேறுமுன் பார்த்துவிடலாம். இதற்கு எட்ஜ் கம்ப்யூட்டிங், அதாவது விளிம்புக் கணிப்பு என்று பெயர். நெல்லையும் பதரையும் சேர்த்து வண்டியேற்றி, வீடு சேர்ந்தபின் தூற்றுவார் எவருமில்லை அன்றோ?

இதனால் இரண்டு நன்மைகள் உண்டு. புயல் மழையில் தொலைபேசித் தொடர்பு அற்றுப்போனாலும் பெட்டி தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். மேலும், கணக்கிடுவதைவிட அலையில் அனுப்புவதற்கே மின்கலம் அதிகம் செலவாகிறது. வேண்டியதை மட்டும் அனுப்பினால் மின்கலம் நீண்ட நாள் உழைக்கும்.

2. பெட்டி செய்ய வேண்டிய நான்கு பரீட்சைகள்

முதலாவது, எல்லைப் பரீட்சை. கடல்நீரின் மின்கடத்துதிறனே சுமார் 50 டெசிசீமன்ஸ்தான். வாய்க்காலில் 200 என்று வந்தால் கருவியில் பழுது. அவ்வாறே 0 என்று வந்தாலும் பழுதே. ஆற்றுநீர் எதிலும் சிறிதளவு உப்பு உண்டு. நீர் வற்றி உணர்கருவி காற்றில் நிற்கும்போதுதான் அது 0 காட்டும். அதை மிக நல்ல தண்ணீர் என்று எண்ணிப் பம்புசெட்டை ஓடவிடும் பெட்டியும் உண்டு. இதைக் குடியானவர்கள் முக்கியமாக மனத்திற் கொள்ளவேண்டும்.

இரண்டாவது, தாவல் பரீட்சை. ஒரு நிமிஷத்தில் 1-லிருந்து 9-க்குத் தாவினால் உடனே நம்பாமல், மும்முறை அளந்து நடுவிலுள்ள எண்ணைக் கொள்ளவேண்டும்.

மூன்றாவது, அசையாமைப் பரீட்சை. இரவும் பகலும் ஒரே எண் சிறிதும் மாறாமல் வருமாயின், கருவியைச் சேறோ பாசியோ மூடியிருக்கலாம்.

நான்காவது, துணைப் பரீட்சை. நீர்மட்டம், நீரின் உஷ்ணம் ஆகியவற்றோடு ஒப்பிடுவது இது. உஷ்ணம் ஒரு டிகிரி உயர்ந்தால் மின்கடத்துதிறன் நூற்றுக்குச் சுமார் 2 வீதம் ஏறும். ஆதலால் நண்பகலில் ஏறி இரவில் இறங்கும் எண், உப்பின் ஏற்றமன்றி வெயிலின் ஏற்றமாகவும் இருக்கலாம். உஷ்ணத்திற்குத் தக்கவாறு திருத்திய எண்ணையே பெட்டி கொள்ளவேண்டும்.

3. வழியில் நேரும் பழுது

சரியாகப் புறப்பட்ட எண்ணும் வழியில் சிதையக்கூடும். வண்டிக்காரரிடம் மூட்டைகளின் தொகையைச் சீட்டில் எழுதிக் கொடுத்தனுப்புவது போல, ஒவ்வொரு செய்தியுடனும் ஒரு சரிபார்ப்பு எண்ணைச் சேர்த்து அனுப்புவார்கள். உதாரணமாக 14, 18, 29 ஆகிய மூன்று எண்களோடு அவற்றின் கூட்டுத்தொகையாகிய 61-ஐயும் அனுப்பினால், 14 என்பது 41 ஆக மாறிச் சேரும்போது தொகை பொருந்தாது. ஆனால் 14-உம் 18-உம் இடம் மாறினால் கூட்டுத்தொகை மாறாது, பிழை தப்பிவிடும். ஆகவே எண்களின் வரிசையையும் கணக்கிற் கொள்ளும் சி.ஆர்.சி. என்னும் முறையை அமெரிக்கராகிய வெஸ்லி பீட்டர்சன் 1961-இல் வகுத்தார். இன்று அதுவே பெரும்பான்மையாக வழங்குகிறது.

இன்னும் இரண்டு காவல்கள் உண்டு. செய்திகளுக்குத் தொடர் எண் இடுவது ஒன்று: 211-க்குப் பின் 214 வந்தால் இரண்டு செய்திகள் காணாமற்போயின, 211-ஏ மறுபடியும் வந்தால் அது பழைய செய்தி. முத்திரையிடுவது மற்றொன்று: லோராவான் என்னும் வானலை முறையில் ஒவ்வொரு செய்தியின் முடிவிலும் இரகசியச் சாவியால் ஆக்கிய 4 பைட்டு முத்திரை செல்கிறது. இடையில் எவரேனும் எண்ணை மாற்றினால் முத்திரை பொருந்தாது.

ஆயினும் ஒன்றை மறக்கலாகாது. சீட்டும் முத்திரையும் எண் வழியில் மாறவில்லை என்பதற்கே சாட்சி. எண் உண்மை என்பதற்குச் சாட்சியல்ல. சேறு மூடிய கருவியின் பொய்யும் பழுதற்ற முத்திரையுடனே வந்து சேரும். ஆகவே வரப்புப் பரீட்சையும் வழிப் பரீட்சையும் இரண்டும் அவசியம்.

4. நம்பவியலாதது எல்லாம் பொய்யன்று

2024 மே 29-ஆம் தேதி டில்லி முங்கேஷ்பூரிலுள்ள தானியங்கி வானிலைக் கருவி 52.9 டிகிரி செல்சியஸ் காட்டியது. அன்று டில்லியின் மற்றப் பகுதிகளில் 45.2 முதல் 49.1 வரையே இருந்தது. இந்திய வானிலைத் துறை சோதித்தபோது, அவ்வுணர்கருவி சுமார் 3 டிகிரி மிகையாகக் காட்டியது தெரியவந்தது.

இதற்கு மாறாக, 2023 டிசம்பர் 18-ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. 50-க்கு மேற்பட்ட மழையைத் தள்ளிவிடு என்று ஒரு பெட்டிக்கு விதித்திருந்தால், அவ்வெள்ளச் செய்தியே அழிந்திருக்கும். ஆனால் அண்டையிலுள்ள திருச்செந்தூரில் 69 சென்டிமீட்டரும், ஸ்ரீவைகுண்டத்தில் 62 சென்டிமீட்டரும் பெய்திருந்தன.

இரண்டு எண்களுமே நம்பவியலாதவை. ஒன்றைப் பொய்யென்றும் மற்றொன்றை மெய்யென்றும் காட்டியது அக்கம்பக்கத்துச் சாட்சியே. ஆகையால் விபரீதமான எண்ணைப் பெட்டி ஒருபோதும் அழித்தல் கூடாது. சந்தேகக் குறியிட்டு, உள்ளது உள்ளபடியே அனுப்பவேண்டும். பதரைக் காற்றில் விடலாம். எண்ணை அவ்வாறு விடலாகாது.

5. குடியானவர்கள் கவனிக்க வேண்டியவை

(அ) வாரம் ஒருமுறை உணர்கருவியை நன்னீரில் கழுவி மெல்லிய துணியால் துடைக்கவும். 25 டிகிரியில் 1.413 டெசிசீமன்ஸ் காட்டவேண்டிய பரீட்சைத் திரவம் விற்கிறது; அதில் தோய்த்து அவ்வப்போது சரிபார்க்கவும்.

(ஆ) ஒரே வாய்க்காலில் கருவி வைத்திருக்கும் அண்டை நிலத்தார் தங்கள் எண்களை ஒருவருக்கொருவர் அறிவித்துக்கொள்ளவும். மழையளவில் ஐயம் நேர்ந்தால் காரைக்கால் வானிலை நிலையத்தின் அளவோடு ஒப்பிடலாம்.

(இ) கருவி வாங்கும்போது, சந்தேகமான எண் வந்தால் அது என்ன செய்யும் என்று விற்பவரைக் கேட்கவும். அழித்துவிடும் என்றால் வாங்கவேண்டாம்.

(ஈ) சந்தேகக் குறி வந்தவுடன் பம்புசெட்டு நின்று, மடை மூடியிருப்பதே மேல். பிறகு ஆள் நேரில் சென்று பார்க்கவேண்டும். ஒரு மணி நேரத் தண்ணீர் போனாலும் பாதகமில்லை. 2004 டிசம்பர் 26-ஆம் தேதி ஆழிப்பேரலையில் உப்பேறிய நிலங்களைக் கழுவி மீட்க எவ்வளவு பாடுபட்டோம் என்பதைக் கரையோரக் குடியானவர்களுக்கு எடுத்துச் சொல்லவேண்டியதில்லை.

கருவி நமக்குக் கண் போன்றது. கண்ணில் தூசி விழுந்தால் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்க்கிறோமே தவிர, கண்டதையெல்லாம் நம்புவதுமில்லை, கண்ணை மூடிக்கொள்வதுமில்லை. கருவியிடத்தும் அவ்வாறே நடந்துகொள்வோமாயின், வருகிற தண்ணீர் வீணாகாமலும் பயிர் பாழாகாமலும் காத்துக்கொள்ளலாம்.